கடைசித் தொட்டித் தண்ணீர்

என் சகலைக்கு நல்ல தண்ணீர். எனக்கு அழுக்குத் தண்ணீர். பஞ்சாயத்து போர்டில் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தார்கள்.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிடச் சின்னவன். எனக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையானவன். ஆனால் எதிலும் எனக்கு முன்னால் நிற்பான். பந்தியில், போட்டோவில், மாமியார் பேச்சில்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஏரிக்கரையை ஒட்டிய சின்ன டவுன். நான்கு தெரு, ஒரு சந்தை. ஜெர்மன் சண்டை நடந்த வருஷங்கள் அவை. பெட்ரோல் கிடையாது. கரி பஸ்தான் ஓடும். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். எங்கள் டவுனுக்குள் நுழையும்போது தள்ள வேண்டியதில்லை. தெருவெல்லாம் ஏரியைப் பார்த்துச் சரிவு. பஸ் தானாக வந்து நிற்கும்.

அதே சரிவில்தான் வீட்டுத் தண்ணீரும் ஓடியது. குளித்தது, பாத்திரம் கழுவியது, மாடு கழுவியது, சாயப் பட்டறையில் கொட்டியது, எல்லாம் வாய்க்காலில் இறங்கி ஏரிக்குள் போகும். ஏரிக்கரைக்குக் கீழே நல்லதண்ணிக் குளம். ஏரியில் ஊறி வருவதுதான் குளத்துத் தண்ணீர். ஊரே அதைத்தான் குடித்தது. ஒரு கோடையில் வாந்திபேதி வந்தது. பாடை கட்ட மூங்கில் கிடைக்கவில்லை. கதவைப் பெயர்த்து அதில் வைத்துத் தூக்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். தெருத் தண்ணீர் நேராக ஏரிக்குள் போகக் கூடாது என்றார். ஏரிக்கு முன்னால், வாய்க்கால் முடியும் இடத்தில் தொட்டிகள் கட்டச் சொன்னார். குளத்துக்கு மருந்து போடச் சொன்னார். இரண்டுக்கும் ஆள் வேண்டும்.

அந்த வருஷம் எங்கள் கொல்லையில் சோளம் கருகிவிட்டது. நானும் சகலையும் ஒரே நாளில் போர்டு ஆபீஸுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் அவனை முதலில் கேட்டார்.

"விசில் ஊத வருமாடா?"

அவன் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினான். ஆபீஸ் ஓட்டில் இருந்த புறா எல்லாம் பறந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தோட்ட வேலை தெரியுமா?"

"தெரியுங்க."

அவ்வளவுதான் பரீட்சை. நான் பாஸ். வாழைத் தோட்டம் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாழைத் தோட்டம் இருந்தது. அதற்கு முன்னால் தொட்டிகள் இருந்தன.

முதல் தொட்டி பெரிசு. தெருத் தண்ணீர் அதில்தான் விழும். சேறு அடியில் தங்கும். மேலே வரும் தண்ணீர் ஒரு சல்லிக் குழி வழியாகப் போகும். அங்கிருந்து நீளமான மணல் பாத்தி. பாத்தியில் கல்வாழையும் சேம்பும் நட்டது நான். அவை ஆள் உயரத்துக்கு வளர்ந்தன. பாத்தியின் முடிவில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கடைசித் தொட்டி. அங்கே வந்து சேரும் தண்ணீர் வாழைக்குப் போகும். மிச்சம் ஏரிக்கு.

என் வேலை முதல் தொட்டியில் இறங்கிச் சேற்றை வாருவது. சல்லியைக் கிளறிக் கழுவுவது. மணல் அடைத்துக்கொண்டால் மேல்மணலைச் சுரண்டி மாற்றுவது. மற்ற நேரம் வாழை.

முழங்கால் வரை அந்த நாற்றம் ஏறிக்கொள்ளும். புளி போட்டுத் தேய்ப்பேன். சாம்பல் போட்டுத் தேய்ப்பேன். போகாது. போனாலும் போகவில்லை என்றுதான் மற்றவர்கள் முகம் சொல்லும்.

சகலைக்குக் காக்கிச் சட்டை கொடுத்தார்கள். கழுத்தில் விசில். கையில் பிரம்பு. குளத்துக் கரையில் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். யாராவது குளத்தில் கால் கழுவினால் ஊதுவான். மாடு வந்தால் ஊதுவான். ஒன்றும் வராவிட்டாலும் ஊதுவான். பொம்பளைகள் எல்லாம் அவனிடம் இரண்டு வார்த்தை பேசாமல் குடத்தை இடுப்பில் வைக்க மாட்டார்கள்.

"என்ன கொளத்து ராசா, இன்னிக்கு மீசைக்கு நெய்யா?"

"நெய்யி எங்க கெடைக்குது? வெளக்கெண்ணெதான். நீ மொதல்ல காலை எடு படியிலேருந்து."

நான் வாழை மரத்துக்கு நடுவில் இருந்து அதைக் கேட்பேன். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் சிரிப்பும் சேர்ந்து வரும். என் பக்கத்துக் காற்று அவர்களிடம் போனால் மூக்கைப் பொத்துவார்கள்.

தெருவாய்க்கால் தள்ளும் ஆட்கள் குளத்துப் படியில் இறங்கக் கூடாது. அது போர்டு வருவதற்கு முன்னாலிருந்தே ஊரில் உள்ள கட்டு. அவர்கள் கரையில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். மனசுள்ளவர்கள் யாராவது மொண்டு ஊற்றினால் உண்டு. அதுவரை அது என் கண்ணில் பட்டதில்லை. நான் வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்துக் குடத்தோடு படியில் கால் வைத்தேன். சகலை எழுந்து வந்தான். ஊதவில்லை. அந்த மட்டும் மரியாதை வைத்தான்.

"சகலை, நீங்க எறங்க வேணாம். குடுங்க, நான் மொண்டு தரேன்."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. அதான் சொல்றேன். சனங்க பாக்குது. எனக்குச் சங்கடம் பண்ணாதீங்க."

குடத்தைக் கொடுத்தேன். அவன் மொண்டு வந்து கரையில் வைத்தான். கையில் கொடுக்கவில்லை. கீழே வைத்தான். நான் எடுத்துக்கொண்டேன். படியில் இருந்த பொம்பளைகள் எல்லாம் திடீரென்று துணி துவைப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். அங்கே துணி துவைக்கக் கூடாது.

அன்றிலிருந்து நான் கரையில்தான் நின்றேன்.

என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். அது அடுத்த தெருதான். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் குழந்தையோடு திருப்பி அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். மூன்றாம் மாதம் போனது. ஐந்தாம் மாதமும் போனது. நான் கேட்கப் போனேன். மாமியார் வாசலிலேயே நிறுத்தினாள்.

"தொட்டி வேலைய விட்டுட்டு வாங்க. அன்னிக்கே அனுப்பறேன்."

"வேலைய விட்டா சோறு?"

"சோறு எல்லாரும்தான் திங்கறாங்க. சின்ன மாப்பிள்ளை திங்கலை? அந்தக் கையால என் பேத்தியத் தொட வேணாம். அவ்வளவுதான்."

உள்ளே என் மனைவி நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் அம்மா பக்கம் என்றும் தெரியாது, என் பக்கம் என்றும் தெரியாது. நான் திரும்பிவிட்டேன்.

பிறகு ஒரு நாள் சந்தைக்குப் போகும் வழியில் அந்த வீட்டைத் தாண்டினேன். சகலை என் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தான். பிள்ளை வாயில் அவன் விசில். அது ஊதத் தெரியாமல் சப்பிக்கொண்டிருந்தது.

"அப்பா போறாரு பாரு. அப்பாவுக்கு டாட்டா காட்டு."

அவன் நல்லதாகத்தான் சொன்னான். அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

எனக்குத் தேவை ஒன்றே ஒன்று. என் மனைவியும் பிள்ளையும் என் வீட்டுக்கு வர வேண்டும். குளத்து வேலை என்னிடம் இருந்திருந்தால் அவர்கள் வந்திருப்பார்கள். அந்தக் காக்கிச் சட்டை என்னிடம் இருந்திருந்தால் வந்திருப்பார்கள். படுத்தால் இதுதான். எழுந்தால் இதுதான். சேறு வாரும்போது ஒவ்வொரு கூடையும் அவன் தலையில் கொட்டுவதாக நினைத்துக்கொள்வேன். வேலை சீக்கிரம் ஓடும்.

அந்தக் கோடையில் அரியலூர்ப் பக்கம் மறுபடியும் வாந்திபேதி என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் வந்து மருந்தைக் கூட்டிப் போடச் சொன்னார். பிளீச்சிங் பவுடர். ஊரில் அதைச் சுண்ணாம்பு மருந்து என்பார்கள். சகலை வாளியில் கரைத்துக் காலையில் குளத்தைச் சுற்றி ஊற்றுவான். குளத்துப் பக்கம் போனாலே மூக்கு எரியும்.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் எது, கெட்ட தண்ணீர் எது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். பழைய சோற்றை வைத்துச் சொல்வார்கள். இரவு சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் நீராகாரம் புளித்திருக்க வேண்டும். புளித்தால் அது உயிருள்ள தண்ணீர். புளிக்காவிட்டால் செத்த தண்ணீர். மருந்து கூடிய பிறகு யார் வீட்டிலும் சரியாகப் புளிக்கவில்லை. சோறு விறைத்துக்கொண்டு கிடந்தது. என் வீட்டிலும்தான்.

ஒரு காலையில் கரையில் குடத்தோடு நின்றிருந்தேன். பொம்பளைகள் சகலையைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"எங்க மாமனாரு பழையதைத் தட்டோட தள்ளிட்டாரு. ஆஸ்பத்திரி வாசம் அடிக்குதாம்."

"ஆமாம்ப்பா. வயலுக்குப் போறவன் எதைக் குடிச்சிட்டுப் போவான்? ஒன் மருந்தையா?"

சகலை பிரம்பைத் தரையில் தட்டினான்.

"சும்மா கத்தாதீங்க. எங்க வூட்டுலயும் இதே கொளத்துத் தண்ணிதான். எங்க வூட்டுப் பழையதை வந்து குடிச்சிப் பாருங்க. புளிப்பு நாக்கை இழுக்குது. தண்ணி மேல கொறை இல்ல. ஒங்க சட்டியத் தேய்ச்சிக் கழுவுங்க மொதல்ல."

"என் சட்டிக்கு என்னடா கேடு?"

"நான் சொல்லல ஆத்தா. பழையது சொல்லுது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கிழவியும் சிரித்தாள். அவன் என் குடத்தை மொண்டு வந்து கீழே வைத்தான்.

"உங்க வூட்டுல புளிக்குதா சகலை?"

"இல்லை."

"தனியாளு. சட்டி ஒழுங்கா கழுவ மாட்டீங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. சட்டையும் அவனுக்கு. விசிலும் அவனுக்கு. என் பிள்ளையும் அவன் தோளில். இப்போது பழைய சோறுகூட அவன் வீட்டில்தான் புளிக்கிறது. ஊர் முழுக்கப் புளிக்காத தண்ணீர் அவன் வீட்டில் மட்டும் எப்படிப் புளிக்கும்? அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. அவனுக்கு எல்லாம் அமையும் என்று மட்டும் தோன்றியது. பொறாமைக்காரனுக்குக் கணக்கு வராது.

அடுத்த நாள் கடைசித் தொட்டிக்குப் போனேன். விளிம்பில் ஈர மணலில் வட்டமாக ஒரு தடம். குடம் வைத்த தடம். பக்கத்தில் கல்வாழை இலை ஒன்று கிள்ளப்பட்டிருந்தது. குடத்துத் தண்ணீர் அலம்பாமல் இருக்கப் பொம்பளைகள் வாயில் இலை போடுவார்கள். அங்கே வாழைக்கு நீர் பாய்ச்சுகிறவன் நான் ஒருவன்தான். எனக்குக் குடமும் வேண்டாம், இலையும் வேண்டாம்.

மறுநாள் விடியும்போதே போய்ச் சேம்புக்குப் பின்னால் நின்றேன். வேலிச் சந்தில் நுழைந்து வந்தது என் கொழுந்தியா. சகலையின் மனைவி. பித்தளைக் குடம். குனிந்து மொண்டாள். உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துக் குடித்தும் பார்த்தாள்.

"என்ன பண்றே?"

குடத்தைப் போட்டுவிட்டாள். அது தொட்டிக்குள் உருண்டது. என்னைப் பார்த்ததும் மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ மாமா! உசுரே போயிருச்சி. நரி மாதிரி பதுங்கிட்டு நிக்கிறீங்களே."

"இங்க ஏன் வந்தே?"

"கோவிச்சிக்காதீங்க. ஒங்க தண்ணியத்தான் திருட வந்தேன். ஒங்க ஊத்து என்னா வத்தியா போவப் போவுது?"

"ஊத்தா?"

"பின்ன? வாழைக்காக இன்ஸ்பெக்டரு ஊத்து தோண்டிக் கட்டினதுதானே? எவ்வளவு தெளிவு பாருங்க. அடிமணல் தெரியுது. அவரு போடற மருந்துத் தண்ணிய மனுசி குடிப்பாளா? கொமட்டுது மாமா. இதுல ஊத்தினா பழையது என்னமா புளிக்குது தெரியுமா? அவருக்குத் தெரியாது. தான் மருந்து போட்ட தண்ணின்னு நெனச்சிக்கிட்டு ரெண்டு செம்பு குடிச்சிட்டுப் போறாரு."

அவள் சொன்னது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைப்பதற்கில்லை. ஊருக்கெல்லாம் விசில் ஊதுகிறவன் வீட்டில் என் தொட்டித் தண்ணீர். அவன் மீசையை முறுக்கிக்கொண்டு பேசிய புளிப்பு என்னுடையது. என் மணலில் இறங்கி, என் கல்வாழை வேரில் புகுந்து வந்தது. அவ்வளவு தெளிவாக நான்தான் அதைச் செய்தேன்.

"நீ மட்டுமா?"

"அம்மாவுக்கும் ஒரு கொடம் ஊத்திடுவேன். அது தெனம் சொல்லுது, இத்தனை வருசத்துல இப்படி ஒரு தண்ணி குடிச்சதில்லைன்னு. ஊத்துன்னு மட்டும் சொல்லிருக்கேன். ஒங்க தோட்டம்னு சொல்லல. சொன்னா குடிக்காது." சிரித்தாள். "அக்காவும் குடிக்குது. பாப்பாவுக்கும் இதைத்தான் காய்ச்சிப் பாலாடையில ரெண்டு மடக்கு குடுக்கறோம். நேத்தி குளிப்பாட்டினது கூட..."

எனக்கு அதற்குமேல் சந்தோஷம் இல்லை.

"குடத்தை எடுக்காதே. என்கூட வா."

"எதுக்கு?"

"வா."

மணல் பாத்தியை ஒட்டி நடந்தேன். பின்னால் வந்தாள். கல்வாழை அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அது மறைக்காமல் இருந்திருந்தால் அவள் முதல் நாளே பார்த்திருப்பாள். சல்லிக் குழியைக் காட்டினேன். தண்ணீர் மங்கலாக இருந்தது. இன்னும் நடந்தோம். முதல் தொட்டி வந்தது. தெருவாய்க்கால் நுரையோடு விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சாயம் வேறு கொட்டியிருந்தார்கள். ஒரு பழைய துடைப்பம் சுற்றிச் சுற்றி வந்தது.

"இங்கேருந்துதான் அங்க வருது."

அவள் தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பொய்யி."

"பொய் இல்ல."

"ஒங்களுக்குப் பொறாமை மாமா. அம்மா ஒங்களை உள்ள விடலைன்னு இப்படிச் சொல்றீங்க. எங்களுக்கு ஒரு கொடம் தண்ணி குடுக்க மனசு இல்ல."

"பொறாமை இருக்கு. தண்ணி இதுதான்."

அவள் மறுபடியும் துடைப்பத்தைப் பார்த்தாள். அது சுற்றி வந்து கரையில் முட்டியது. அப்படியே சேம்புப் பாத்தியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். என் கை நினைப்பு வந்தது. நின்றுவிட்டேன்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதே மாமா? காய்ச்சித்தானே குடுத்தோம்?"

"காய்ச்சினா பரவாயில்லைன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிருக்காரு. இனிமே குளத்துத் தண்ணியே குடுங்க. அதையும் காய்ச்சிக் குடுங்க."

"அந்த மருந்துத் தண்ணியா?"

"அதான் நல்ல தண்ணி."

அந்த மூன்று வார்த்தை வாயை விட்டு வெளியே வர மாட்டேன் என்றது. சகலையின் தண்ணீர்தான் நல்ல தண்ணீர் என்று அவன் மனைவியிடமே நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். சொல்லாமல் இருந்தால் என் பிள்ளை மறுநாளும் இதைக் குடிக்கும்.

கடைசித் தொட்டியில் கிடந்த குடத்தை நான்தான் எடுத்து வந்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. விட்டுவிட்டுப் போனாள்.

பொழுது ஏறுவதற்குள் மாமியார் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். நான் அந்த வேலையில் சேர்ந்த பிறகு அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. தெருவில் நின்று, சத்தமும் போட முடியாமல், சும்மாவும் இருக்க முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"சாக்கடையக் குடிக்க வச்சிட்டீங்களே. இந்த வயசுல என்னை இப்படிப் பண்ணிட்டீங்களே."

"நான் வைக்கல. நீங்க மொண்டீங்க."

"ஒரு வேலி போட்டிருக்கக் கூடாதா?"

"வேலி இருந்துது. சந்து பண்ணிட்டு வந்திருக்கு ஒங்க பொண்ணு."

"வெளிய சொல்லித் தொலைக்காதீங்க."

"சொல்ல மாட்டேன்."

போகும்போது காறித் துப்பப் பார்த்தாள். வாய் காய்ந்திருந்தது. அப்படியே போனாள்.

சாயங்காலம் சகலை வந்தான். சட்டை போட்டிருந்தான். விசில் இல்லை. முகம் வெளுத்திருந்தது. இரண்டு மூன்று நாளாகவே வயிற்றுப்போக்காம். வெயில் சூடு என்று நினைத்து வெந்தயம் தின்றுகொண்டிருந்திருக்கிறான். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான்.

"ஆபீஸ்ல யாருகிட்டயும் சொன்னீங்களா சகலை?"

"இல்லை."

"சொல்லாதீங்க. கொளத்துக் காவக்காரன் பொண்டாட்டியே கொளத்துத் தண்ணிய குடிக்கலைன்னு தெரிஞ்சா, சட்டையக் கழட்டிடுவாங்க."

நான் சட்டையைப் பார்த்தேன். தோள் எனக்குச் சரியாக இருக்கும். கை கொஞ்சம் நீளம். மடித்துவிட்டால் போதும். ஆபீஸ் பக்கத்தில்தான் இருந்தது. நடந்து போய் ஒரு வார்த்தை சொன்னால், குளத்துக்கு ஆள் வேண்டும் என்பார்கள். குளம் எனக்கு வந்தால் மாமியாருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. மனைவியும் பிள்ளையும் வருவார்கள். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சட்டையை அளப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆனால் சொன்னால் ஆபீஸோடு நிற்காது. காவல்காரன் வீட்டிலேயே அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்று ஊர் முழுக்கத் தெரியும். அப்புறம் ஒருத்தரும் மருந்துத் தண்ணீரைத் தொட மாட்டார்கள். ஏரியில் மொள்வார்கள். சிலர் என் தொட்டிக்கே வருவார்கள். கதவில் தூக்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவிலும் ஒன்று போனது.

"சொல்ல மாட்டேன்," என்றேன். "நீ மோர் குடி. உப்புப் போட்டுக் குடி."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். தொட்டித் தண்ணீரை அத்தனை நாள் குடித்தவன், இனி அந்தக் கையைப் பிடிப்பதில் அவனுக்கு என்ன போகிறது? அப்படித்தான் நினைத்தேன். நல்லவிதமாக நினைக்க வரவில்லை.

மறுநாள் கருவேல முள் வெட்டி வந்து கடைசித் தொட்டியைச் சுற்றி அடைத்தேன். இன்ஸ்பெக்டர் கேட்டார். மாடு வருது என்றேன்.

சகலைக்கு உடம்பு தேறியது. மறுபடியும் புங்க மரத்தடிக்கு வந்தான். ஆனால் பழைய சோற்றைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. பொம்பளைகள் விடுவார்களா?

"என்ன கொளத்து ராசா, ஒங்க வூட்டுப் பழையது இன்னும் நாக்கை இழுக்குதா?"

"வெயில் காலம் ஆத்தா. இப்ப நாங்க சுடுசோறுதான்."

அந்தக் கோடையில் எங்கள் டவுனுக்கும் வாந்திபேதி வந்தது. வரவில்லை என்று சொல்ல முடியாது. முன்னே மாதிரி இல்லை. கதவைப் பெயர்க்க வேண்டி வரவில்லை. குளத்துக்கு மருந்து போட்டதால்தான் ஊர் தப்பித்தது என்று எல்லோரும் பேசினார்கள். கோயில் திருவிழாவில் சகலைக்கு மாலை போட்டார்கள். நான் கூட்டத்தில் நின்றேன். குளத்துக்கு மேலே ஏரி இருக்கிறது, ஏரிக்கு மேலே என் தொட்டி இருக்கிறது, அங்கே சேறு நிற்கவில்லை என்றால் எத்தனை வாளி மருந்து ஊற்றியும் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி நானும் ஒருத்தரிடமும் பேச்செடுக்கவில்லை. மாலையில் சம்பங்கி இருந்தது. என்வரைக்கும் மணம் வந்தது.

திருவிழா முடிந்த மறுநாள் பகலில் என் மனைவி வந்தாள். இடுப்பில் பிள்ளை. பின்னால் சகலை, தலையில் அவள் தகரப்பெட்டி. நான் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

"அத்தை அனுப்பிச்சாங்களா?"

"அது எங்க அனுப்பும்? நானாத்தான் வந்தேன்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"ஆரம்பிச்சிது. அந்தக் கை நாறுது, அந்தக் கைகிட்ட புள்ளையக் குடுக்கப் போறியான்னு. அந்தக் கை வழியா வந்த தண்ணியத்தானே தெனம் அமிர்தம் அமிர்தம்னு குடிச்சே, அப்ப நாறலையான்னு கேட்டேன். வாய மூடிக்கிச்சி. அது மறுபடி தொறக்கறதுக்குள்ள பொட்டியத் தூக்கிட்டேன்."

அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஐந்து மாதமும் அதற்கு மேலும் உள்ளே நின்று ஒன்றும் சொல்லாமல் இருந்தவள். சொல்ல ஒரு வழி கிடைக்கக் காத்திருந்தாள் போலிருக்கிறது. அந்த வழி என் தொட்டியில் இருந்து கிடைத்தது.

"நானும் குடிச்சேன்," என்றாள். "நல்லாத்தான் இருந்துது."

"இனிமே குடிக்காதே."

"தெரியும்."

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். பிள்ளையை வாங்கினேன். கனமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. பிறகு வீறிட்டு அழுதது. உடம்பை வளைத்து, இரண்டு கையையும் நீட்டி, சகலை பக்கம் தாவியது. அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இயல்பாகக் கை நீட்டினான். அவனுக்கு அது பழக்கம்.

நான் கொடுக்கவில்லை.

"பழகிடும் சகலை," என்றான். "ரெண்டு நாள்ல பழகிடும்."

"பாவம், அவருதான் பொட்டிய அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தாரு," என்றாள் மனைவி. "தண்ணியாவது குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

"அவனுக்குக் குளத்துல வேலை இருக்கும்."

"இருக்கு, இருக்கு," என்று அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். பிள்ளை என் தோளுக்கு மேலாக அவனையே பார்த்து அழுதது. தெருமுனையில் திரும்பி நின்று ஒரு தடவை மெதுவாக விசில் ஊதினான். அழுகை நின்றது. சிரித்தது. அவன் போய்விட்டான். அது விசில் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பிள்ளையோடு உள்ளே போய்ப் பட்டப்பகலில் கதவைச் சாத்தினேன்.